பேர் சொல்லாத சாட்சி

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் தேங்காய்த் தும்புக்கயிறு விற்ற சொரிமுத்துவின் பெயரைத் துறைமுகத்தில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். தோணிக்காரர்களுக்கு அவர் சொரிமுத்தண்ணாச்சி. உப்பளத்துக்காரர்களுக்குக் கயித்துக்கடை சொரிமுத்து. சொல்லாதவள் ஒருத்திதான். அவருடைய மனைவி ஆறுமுகத்தாய்.

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது தாமிரபரணிக் கரையில் அவள் பிறந்த ஊரின் நம்பிக்கை. அவள் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினாள். பேரில் பாதியும் பேர்தானே என்று 'முத்து' என்கிற சொல்லையே விட்டுவிட்டாள். முத்துக்குளித்த ஊரில் முத்தைச் சொல்லாமல் நாற்பது வருஷம் குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை. அவளுக்கு அது 'கடல்ல முங்கி எடுக்கது'. அம்மை கண்ட பிள்ளைக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டிருக்கிறது என்று தெருவே சொன்னால், அவள் மட்டும் "ஆத்தா வந்திருக்கா" என்பாள். அடுத்த வீட்டு முத்துக்கனி கடைசிவரை 'மேலவீட்டுக்காரி'யாகவே இருந்தாள்.

சொரிமுத்து இதை ஒருநாளும் தடுத்ததில்லை. அவரைப் பெரிய நல்லவர் என்று சொல்ல முடியாது. எடை கூட வேண்டும் என்று கயிற்றை நனைத்து வைக்கிற கடைக்காரர்கள் உண்டு, அவர் நனைத்ததில்லை. அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை. ஆனால் உலகத்தில் ஒருத்தியின் வாயில் மட்டும் தன் பேர் வராது என்பதில் அவருக்கு ஒரு கௌரவம் இருந்தது. சுவாமியைக்கூட எல்லாரும் பேர் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள்.

கயிறு வாங்கக் கொல்லத்துக்குப் போய்வந்த ஒரே மகன் சங்கரலிங்கம், அங்கேயே ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். பேரன் பிறந்ததும் முறைப்படி தாத்தா பேரை வைத்தார்கள். ஆறுமுகத்தாய்க்குச் சிக்கல் இரட்டித்தது. பேரனையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. புருஷன் பேரைத் தாங்கியவனை "வாடா போடா" என்பதும் தகாது. ஆகவே தொட்டிலில் கிடந்தவனுக்கும் அவள் மரியாதை கொடுத்தாள்.

"அவுக பால் குடிச்சாகளா?"

"எந்த அவுக?" என்று வீட்டுக்கு வந்தவர்கள் திகைப்பார்கள்.

சங்கரலிங்கம் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். மருமகளுக்குக் குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. மூன்று வயதுப் பிள்ளையைத் தூத்துக்குடியில் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். இரண்டு வருஷம் கழித்து, 1976 கோடையில், தாய்வழித் தாத்தா பாட்டியைப் பார்க்கப் பிள்ளை கொல்லம் போனான். திரும்பி வரவில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சம்பந்தி, அவனைச் சுரேஷ்குமார் என்று அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார். பெரியவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று குவைத்திலிருந்து தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் வாசித்த பிறகு வழக்குத்தான் வந்தது. பிள்ளை இருக்கிற ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதால் செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டி ரயிலில் கொல்லத்துக்கு அலைந்தார்கள்.

விசாரணை அன்று காலையில் சொரிமுத்து ஒழுங்காகவே சாட்சி சொன்னார். அடுத்து ஆறுமுகத்தாய் கூண்டில் ஏறினாள். மொழிபெயர்க்க வந்த குமாஸ்தா தமிழ்ப்படம் பார்த்துத் தமிழ் கற்றவர். அந்தப் படங்களில் யாரும் தூத்துக்குடித் தமிழ் பேசியிருக்கவில்லை.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். "சொரிமுத்து என்று ஒரு மைனர் எங்கள் வீட்டில் இல்லை, சுரேஷ்தான் இருக்கிறான். குழந்தையின் பெயரைப் பாட்டியே சொல்லட்டும்."

"குழந்தையின் பெயர் என்ன?" என்று குமாஸ்தா கேட்டார்.

ஆறுமுகத்தாய் தலையைக் குனிந்தாள். "அது எப்படிய்யா என் வாயால?"

"தெரியாதா?"

"தெரியாமலா? எங்க ஊர்க் கடல்ல முங்கி எடுப்பாகள்லா, அது பின்னால வரும். முன்னால..." இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை அசைத்து இறக்கினாள். "மழை இப்படி விழும்லா, அது."

குமாஸ்தா யோசித்தார். "மழை. பிறகு சங்கு" என்று நீதிபதியிடம் சொன்னார்.

அப்படி ஒரு பெயர் மனுவில் இல்லை என்றார் எதிர்க்கட்சி வக்கீல். நீதிபதி பொறுமைசாலி. பெயர் கிடக்கட்டும், வீட்டில் யார் யாரைக் கவனிக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார். ஆறுமுகத்தாய்க்கு உற்சாகம் வந்தது. புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்கினாள்.

"அவுகள நான்தான் குளிப்பாட்டுவேன். சோப்பு கண்ணுல பட்டுட்டா தெருவே கூடுத மாதிரி அழுவாக."

அந்தப் பார்வை போன இடத்தைக் குமாஸ்தாவும் பார்த்தார். "அவருடைய பர்த்தாவை" என்று மொழிபெயர்த்தார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சொரிமுத்துவைப் பார்த்தார். சொரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாப்பாடு?"

"மீன்ல முள்ள எடுத்துட்டுத்தான் குடுக்கணும். கடைக்குத் தனியா விடமாட்டேன். போன தடவ கயித்துக்குள்ள சிக்கிக்கிட்டு, வெட்டித்தான் எடுத்தோம்."

"இரவில்?"

"என் பக்கத்துலதான் படுப்பாக. பாயில ஒண்ணுக்குப் போயிருவாக. அதுக்காக அடிக்கவா முடியும்?"

சொரிமுத்து துள்ளி எழுந்தார். "அய்யா, அது நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!"

கோர்ட்டுச் சேவகரான டவாலி ஓடிவந்தார். அதட்டவில்லை. தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்து, ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்தார். அறுபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவரிடம் இத்தனை இரக்கம் காட்டியதில்லை. எதிர்க்கட்சி வக்கீலுக்கு அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. குளிப்பாட்டிவிட ஆள் வேண்டிய மனிதர் ஒரு குழந்தைக்குக் கார்டியனாக வரப் பார்க்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மத்தியான இடைவேளையில் கோர்ட்டு வராந்தாவில் சொரிமுத்து மனைவியிடம் கெஞ்சினார்.

"ஏளா, கேஸு போச்சு. ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிரு."

"ஆயுசு குறையும்லா?"

"குறைஞ்சா குறையட்டும். பிள்ள வேணுமா வேண்டாமா?"

"உங்களுக்கு மட்டுமா குறையும்? ரெண்டு பேருக்கும் ஒரே பேருல்லா. அஞ்சு வயசுக்காரகளுக்கும் சேர்ந்துல்லா குறையும்!"

பிழை அவள் தொடங்கிய இடத்தில் இருந்தது. அங்கிருந்து முடிவுவரை தர்க்கத்தில் வழுக்கல் இல்லை. பெரிய தத்துவங்கள் சிலவற்றுக்கும் இதே நிலைமைதான். தவிர, தன் உயிரை இழுத்து வீசத் தயாராக இருந்த மனிதருக்கு, பிள்ளையின் ஆயுசை வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. இதையெல்லாம் தான் நம்பவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். "சரி, சொல்லாத" என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு நீதிபதி பையனை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"மோன்றெ பேரெந்தா?"

"சுரேஷ்."

சம்பந்தி மோவாயை ஒரு விரற்கடை உயர்த்தினார். சொரிமுத்து தரையைப் பார்த்தார்.

"வேறே பேருண்டோ?"

பையன் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். "தூத்துக்குடியில் உண்டு."

"எந்தா?"

"அவுக."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அப்படி யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். பையன் ஆச்சி ஆறுமுகத்தாயைக் கைகாட்டினான். அப்படியானால் தாத்தாவின் பேர் என்ன என்று கேட்டார்.

"அதும் அவுக."

நீதிபதி காலையில் எழுதிய தாளைத் திருப்பினார். சோப்பு, முள், கயிறு, பாய் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். பிறகு குனிந்து, சோப்பு கண்ணில் பட்டால் அழுவாயா என்று பையனிடம் ரகசியமாகக் கேட்டார். பையன் காதுவரை சிவந்து, கொஞ்சம் என்றான். நீதிபதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டவாலி ஓடிவந்து காலையிலிருந்து சொரிமுத்துவின் கையிலேயே இருந்த தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கடைசியாக நீதிபதி ஆறுமுகத்தாயைக் கேட்டார். பிள்ளை கடல் பக்கம் ஓடினால், பேர் சொல்லாமல் எப்படி நிறுத்துவீர்கள்?

"'இந்தாங்க'ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். ரெண்டு பேரும் நிப்பாக."

தாய் ஊர் திரும்பும்வரை பிள்ளை தூத்துக்குடியில் இருக்கலாம், பள்ளி விடுமுறைகளில் கொல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. தாளில் 'சொரிமுத்து என்கிற சுரேஷ்குமார்' என்று எழுதினார்கள். சம்பந்தி ஸ்டேஷன்வரை வந்து பையனின் சிலேட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருந்ததைச் சொரிமுத்து அப்போதுதான் யோசித்தார். ரயில் நகர்ந்துவிட்டது.

புனலூர் தாண்டியதும் ஆறுமுகத்தாய் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். காலையிலிருந்து சொரிமுத்துவின் வயிற்றில் அந்தத் தம்ளர் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை.

"அவுகளுக்குப் பசிக்கும்" என்றாள்.

சொரிமுத்து கையை நீட்டினார்.

"உங்கள இல்ல" என்றாள் ஆறுமுகத்தாய். முதல் இட்லியை எண்ணெயில் நன்றாகப் புரட்டி, ஊதி, பேரனின் வாயில் வைத்தாள்.