கரிபூ மானுக்கு வைக்கோல் அனுப்பிய கதை

தொண்ணூறுகளின் நடுவில், ரொறொன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் நடத்திய சரக்குக் கொம்பனியில் நான் லோட் பிளானர். பிளேனுக்குள் எந்தச் சாமான் எங்கே போகும், எது மிஞ்சி நிற்கும் என்று தீர்மானிக்கிற வேலை. முதலாளியை எல்லோரும் ராஜன் அண்ணை என்போம். கெட்டிக்காரர்தான். ஆனால் கமெராவைக் கண்டால் அந்தக் கெட்டித்தனமெல்லாம் ஆவியாகிவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஜக்கெற்றைக் கழற்ற முதலே கூப்பிட்டார்.

"றீற்றா, வாற பிளேனில அரைவாசி இடம் எனக்கு வேணும்."

"எதுக்கண்ணை?"

"வைக்கலுக்கு."

நாங்கள் மாதம் ஒருமுறை வடதுருவப் பக்கத்துத் தீவொன்றுக்குச் சரக்கு அனுப்புவோம். அங்கே இருக்கிற ஒரேயொரு கடைக்கு மா, பால்மா, இறைச்சி, டயப்பர் எல்லாம் எங்கள் பிளேனில்தான் போகும். முந்தின இரவு ராஜன் அண்ணை ரீவியில் அந்தத் தீவைப் பார்த்திருக்கிறார். கரிபூ என்ற மான்கள் பட்டினியில் சாகின்றனவாம். எலும்பும் தோலுமாக ஒன்று பனியைக் காலால் கிண்டிக்கொண்டு நின்றதாம். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. இரக்கத்தோடு, ஆங்கில ரீவிக்காரனைக் கூப்பிடலாம் என்ற யோசனையும் வந்துவிட்டது. ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, அஜக்ஸ் என்ற ஊருக்கு அங்கால் ஒரு பண்ணையில் காய்ந்த புல்லுக்கு ஓடரும் கொடுத்துவிட்டார். காய்ந்த புல் வேறு, வைக்கோல் வேறு என்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

சரக்கு வேலையில் வெயிற் மட்டும் கணக்கில்லை, கியூப்பும் உண்டு. அதாவது பாரம் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதும் பார்க்க வேண்டும். புல்கட்டு பாரமில்லை, ஆனால் இடத்தை விழுங்கும். அரைவாசி பிளேன் புல் என்றால், அந்த ஊருக்குப் போக வேண்டிய சாப்பாட்டில் அரைவாசி ரொறொன்ரோவில் நிற்கும். அதுவும் அந்த மாதம் கடைக்காரர் வழமையைவிட இரண்டு மடங்கு இறைச்சி கேட்டிருந்தார்.

ஜோனா சொன்னது

கடைக்காரரின் பெயர் ஜோனா. அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த, இனுயிட் என்ற வடதுருவப் பழங்குடி மனிதர். நான் கோல் எடுத்து, புல் வருகிறது, இறைச்சி குறையும் என்றேன்.  அவர் ஆறுதலாக, ஒவ்வொன்றாக விளக்கினார்.

அங்கே புல்லுக்குப் பஞ்சமில்லையாம். மான் நிற்கிற இடத்துக்குக் கீழேயே இருக்கிறதாம். முன்பெல்லாம் குளிர்காலத்தில் விழுவது மா மாதிரி உலர்ந்த பனி. மான் அதைக் குளம்பால் தட்டிவிட்டுக் கீழே உள்ள புல்லையும் கற்பாசியையும் மேயும். இப்போது நடுக் குளிர்காலத்திலும் திடீரென்று சூடு ஏறி மழை பெய்கிறது. மழைத்தண்ணீர் பனிக்குள் இறங்கி உறைந்து, நிலம் முழுக்கக் கெட்டி ஐஸாகிவிடுகிறது. மான் கிண்டிக் கிண்டிக் குளம்பு வெடித்து, சாப்பாட்டுக்கு மேலேயே விழுந்து சாகிறது.

பட்டினி கிடந்த வயிற்றுக்குப் பழக்கமில்லாத பண்ணைப் புல்லைத் திடீரென்று கொடுத்தால், அது செரிக்காமல், வயிறு நிறைந்தபடியே மான் செத்துப்போகும் என்றும் சொன்னார். மிச்ச மான்களாவது பிழைக்கட்டும் என்று ஊர் கூடி அந்த வருடம் வேட்டையை நிறுத்தியிருந்தது. மான் இறைச்சி இல்லையென்றால் கடை இறைச்சிதான். அதனால்தான் இரண்டு மடங்கு.

நான் நேரே ராஜன் அண்ணையின் அறைக்குப் போனேன்.

"பசிச்ச சீவனுக்குச் சாப்பாடு குடுக்கிறது பிழையெண்டு சொல்லுறியோ?" என்றார்.

"சாப்பாடு அதின்ரை காலுக்குக் கீழ இருக்காம் அண்ணை. மேல ஐஸாம். அங்க இருக்கிற ஆள் சொல்லுறார்."

"உந்தக் கடைக்காரனுக்கு இறைச்சி விக்கிற யோசினை. நீ பெட்டியை அடுக்கு பிள்ளை, மிச்சத்தை நான் பாக்கிறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் முதலாளி சொன்னால் லோட் பிளான் மாறத்தான் வேண்டும். மாற்றினேன். மிஞ்சிய இறைச்சிப் பெட்டிகள் அடுக்கிய பலெற்றுகளை, அதாவது மரத்தட்டுகளை, தள்ளி வைக்க மட்டும் மனம் வரவில்லை. சரக்கு ஷெட்டின் கதவடியிலேயே நிறுத்திவிட்டேன்.

புல்லுக்குப் பொன்னாடை

பிளேன் போகிற நாள் ஷெட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் விழா. புல்கட்டுகளை மேடை மாதிரி அடுக்கி, முன்னால் குத்துவிளக்கு வைத்தார்கள். காய்ந்த புல்லுக்கு முன்னால் நெருப்பு வைக்கிற புத்தி எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். ராஜன் அண்ணைக்குக் குளிர் ஜக்கெற்றுக்கு மேலே பொன்னாடை போர்த்தினார்கள். ரீவிக்காரன் வந்தான், ஒரு நிமிடம் படம் பிடித்தான், போய்விட்டான்.

பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஒரு கோயில் தலைவர், ஒரு வீடு விற்கும் ஏஜென்ற், ஒரு இன்சூரன்ஸ்காரர். மூன்றாமவர் சோழர் கடல் கடந்ததில் தொடங்கினார். அவர் மானுக்கு வந்து சேர முதல் மழை வந்துவிட்டது. விழுந்த இடத்திலேயே உறைகிற மழை, ரொறொன்ரோக்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆட்களுக்கு மேலே குடை இருந்தது. புல்லுக்கு மேலே ஒன்றுமில்லை.

பேச்சு முடிந்து, மழையும் விட்ட பிறகு பிளேன் ஓட்டுகிற கப்டன் வந்தார். ஒரு கட்டைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஈரப்புல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், அதை பிளேனில் ஏற்ற விதி விடாது. எனக்கும் அது தெரியும். ஆனால் அதைக் கப்டன் வாயால் கேட்டதில் எனக்கு இருந்த சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை.

ராஜன் அண்ணை ஓடிப்போய்க் கட்டிலிருந்து ஒரு பிடி புல்லை இழுத்தார். விரல் வழுக்கியது. நகத்தால் கிண்டினார். சப்பாத்தால் உதைத்தார். அது அசையவில்லை.

"உள்ளுக்குப் புல்லு நல்லாத்தான் இருக்கு, கப்டன். மேலதான் ஐஸ்," என்று அந்தரப்பட்டுத் தமிழிலேயே சொன்னார்.

"ஓம் அண்ணை," என்றேன். "அங்கையும் உதுதான்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். விளங்கிவிட்டதோ என்று ஒரு கணம் நம்பினேன்.

"ஒரு தார்ப்பாய் போட ஒருத்தருக்கும் மூளையில்லை," என்றார்.

நான் பழைய லோட் பிளானை எடுத்தேன். கதவடியில் நின்ற இறைச்சி முழுவதும் ஏறியது. அடுத்த கிழமை தமிழ்ப் பேப்பரில், பசித்த மான்களுக்கு உணவளித்த வள்ளல் என்று ராஜன் அண்ணையின் படம் வந்தது. அந்தப் புல் எங்கள் வளவிலேயே கிடந்து அழுகியது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சரக்கு ஏறுகிற இடத்தில் நடக்கிற ஆரவாரத்தைப் பார்த்து லோட் பிளான் போடாதீர்கள். இறக்குகிற இடத்தில் நிற்கிறவரிடம் கேளுங்கள். ஒரு கோல்தான். அந்த ஒரு கோலுக்குத்தான் பெரியவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

அடுத்த குளிர்காலமும் தீவில் மழை பெய்தது. ராஜன் அண்ணை உற்சாகமாக என் மேசைக்கு வந்தார்.

"றீற்றா, இந்தமுறை பிழை விடமாட்டம். தார்ப்பாய் வாங்கியாச்சு. பேச்சாளரும் ரெண்டே பேர்."

நான் ஜோனாவின் நம்பரை அழுத்தினேன். அவர் எடுத்ததும் ரிசீவரை நீட்டினேன்.

"கடைக்காரர் லைனில நிக்கிறார். என்ன வேணுமெண்டு நீங்களே கேளுங்கோ."

அவர் ரிசீவரைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், மீற்றிங் இருக்கு என்று உள்ளே போய்விட்டார்.

யார் பேசுவது என்று ஜோனா மறுமுனையில் கேட்டார். நான்தான், இந்தமுறை என்ன அனுப்ப என்றேன்.

இறைச்சி என்றார். போன வருடத்தைவிடக் கூடுதலாக.