ஃபிரிட்ஜின் விலாவில் ஒட்டிய பெயர்

நல்லக்கண்ணுவுக்கு நாற்பது வருஷமாக ஒரே நோய். அதன் பெயர் சைஃபுல்லா. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. இதற்கு எந்த டாக்டரிடம் போவார்?

இருவரும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள். கோயம்புத்தூரில் ‘குளிர்மணி’ என்ற கம்பெனி வீட்டு ஃபிரிட்ஜ் செய்துகொண்டிருந்தது. அது சங்கரன்கோவிலில் சர்வீஸ் சென்டர் திறந்தபோது முதலில் எடுத்த இரண்டு பையன்கள் இவர்கள்தான். ஒரே பஸ்ஸில் பயிற்சிக்குப் போனார்கள். திரும்பும்போது மேனேஜர் சைஃபுல்லாவுக்கு மட்டும் கை கொடுத்தார். நல்லக்கண்ணுவுக்குப் புகைய ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஆனாலும் நல்லக்கண்ணு தன் வாழ்க்கையில் ஒரு காரியம் செய்திருந்தார். 1996-இல், கோமதி நகரில் சங்கரம்மாள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. குளிர்மணி முதல் வருஷத்தில் செய்த நீல நிற ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் அது. சங்கரம்மாளின் மாமனார் வாங்கிப் போட்டது. கம்ப்ரசரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டச் சொன்னது கம்பெனி. நல்லக்கண்ணு கேட்கவில்லை. கம்ப்ரசரை இரண்டாக அறுத்து, உள்ளே எரிந்துபோயிருந்த மோட்டாரின் செம்புக் கம்பிக் காயிலைத் தன் கையாலேயே புதிதாகச் சுற்றி, மூடி வெல்டு வைத்து, கேஸ் அடித்தார். மோட்டார் ஓடியது. பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் சைஃபுல்லா. நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னானா? கை துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். அந்த மௌனத்தை நல்லக்கண்ணு இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுவருஷம் சைஃபுல்லா சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனான். இங்கே வெளிநாட்டு ஃபிரிட்ஜ்கள் வந்து இறங்க, குளிர்மணி தள்ளாடி சர்வீஸ் சென்டரை மூடியது. நல்லக்கண்ணு தோளில் பையோடு தெருத்தெருவாக அலைந்தார். பதினோரு வருஷம் கழித்து வந்த சைஃபுல்லா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷோரூம் திறந்தான். அதற்குள் மறுபடி எழுந்து உட்கார்ந்த குளிர்மணி அவனையே டீலராக்கிக்கொண்டது. கொடுத்து வைத்தவன்!

அதோடு விட்டானா? சங்கரம்மாள் வீட்டு நீல ஃபிரிட்ஜுக்குத் தெர்மோஸ்டாட் மாற்றவும் அவன்தான் போனான். விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து நல்லக்கண்ணு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

போன மாதம், குளிர்மணிக்கு ஐம்பது வருஷம் நிறைந்தது. கம்பெனி தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறதாம். முதல் வருஷ ஃபிரிட்ஜ் பழைய கம்ப்ரசரோடு எங்காவது ஓடினால், அதைக் காப்பாற்றிய மெக்கானிக்குக்கு ஒரு முழுப் பக்கம். சென்னை ஆபீஸிலிருந்து அபிதா என்ற பெண் திங்கட்கிழமை சங்கரம்மாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை கேமராக்காரரோடு வருவாள்.

இதைக் கேள்விப்பட்ட நல்லக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஃபிரிட்ஜ் வேலை பார்த்தவன் அதன் விலாவில் தன் பெயரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். 1996-இல் கம்பெனி ஆளாக இருந்த நல்லக்கண்ணு ஒட்டவில்லை. அங்கே ஒட்டியிருப்பது யார் ஸ்டிக்கர்? ஷோரூம், காரு எல்லாம் எடுத்துக்கொண்டவன் இந்த ஒரு பக்கத்தையும் எடுத்துக்கொள்வான்!

அடுத்தவன் ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது, பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இது மெக்கானிக்குகளுக்குள் எழுதாத சட்டம். அதை நாற்பது வருஷம் மீறாதவர் வியாழக்கிழமை பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியுமாகக் கிளம்பினார்.

“வாங்க அண்ணாச்சி, வழி தெரிஞ்சுதா?” என்றார் சங்கரம்மாள். இட்லி மாவு அரைத்து விற்பவர். மாவுப் பாத்திரங்களெல்லாம் அந்த ஃபிரிட்ஜுக்குள்தான்.

“கூலிங் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார் நல்லக்கண்ணு.

சங்கரம்மாள் கிரைண்டர் பக்கம் போனதும் வேலை தொடங்கியது. சாயம் போன ஸ்டிக்கரில் சைஃபுல்லா பெயர். அதன் கீழே பேனாவில் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து மாட்ட அவருக்குப் பொறுமை இல்லை. சுரண்டித் துடைத்து, தன் புது ஸ்டிக்கரை ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினார். வயிறு குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை அபிதாவோடு காரில் வந்து இறங்கியவன் சைஃபுல்லா. டீலராயிற்றே! நல்லக்கண்ணு சலவைச் சட்டையோடு முன்னமே வந்து நின்றார்.

அபிதா ஃபிரிட்ஜின் பக்கவாட்டைப் பார்த்துத் திகைத்தாள். “அம்மா, இங்க இருந்த ஸ்டிக்கர் எங்க?”

“நேத்து அண்ணாச்சி வந்து பாத்துட்டுப் போனாவ…” என்று சங்கரம்மாள் இழுத்தார்.

“அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன்” என்றார் நல்லக்கண்ணு.

“ஐயோ சார், அதைப் படம் எடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்!”

அவள் திங்கட்கிழமை செல்போனில் எடுத்த படத்தை நீட்டினாள். நல்லக்கண்ணு இப்போது கண்ணாடியை மாட்டினார். சைஃபுல்லாவின் பெயருக்குக் கீழே அவன் கையெழுத்து: ‘இது கம்பெனி கம்ப்ரசர். 1996-ல் காயில் சுற்றியது நல்லக்கண்ணு அண்ணாச்சி. யாரும் மாற்ற வேண்டாம்.’

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? தன் பெயரைத் தன் பிளேடாலேயே சுரண்டி எறிந்திருக்கிறார்.

“பரவாயில்ல சார், இந்தப் படத்தையே போட்டுக்கறோம். பக்கம் உங்களுக்குத்தான்” என்றாள் அபிதா. வரலாற்றில் இடம் கிடைத்துவிட்டது, அதுவும் அவன் கையெழுத்தில்! நல்லவனாக இருப்பதிலும் அவனே முந்திக்கொண்டானே என்று நல்லக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்துக்கு இருவரையும் ஃபிரிட்ஜின் இரண்டு பக்கமும் நிற்கச் சொன்னார்கள். நல்லக்கண்ணுவால் அடக்க முடியவில்லை. “இதை அன்னைக்கே ஒரு வார்த்தை வாயால சொல்லியிருந்தா என்னவே?”

சைஃபுல்லா கேமராவைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான். “எப்படிச் சொல்லுவேன் அண்ணாச்சி? உங்க கையைப் பாத்து அன்னைக்கு எனக்கு அப்படி வயிறெரிஞ்சுது. இந்தத் தொழில்ல இங்கன உங்களை முந்த முடியாதுன்னுதான் அடுத்த வருசமே விசா வாங்கினேன்.”

கேமரா மின்னியது. அந்தப் படத்தில் நல்லக்கண்ணு எங்கே பார்ப்பதென்று தெரியாமல், விலாவில் தான் ஒட்டிய புது ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.