கஸ்தூரி முடிக்காத படிப்பு

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசனைக்கு இப்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடுகிறது. போன மாதம் ஒரகடத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு ஹோம் நர்ஸாகப் போனேன். பக்கவாதத்தில் கிடந்த பெரியவருக்கு முதுகில் அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தபோது அவர் மகள் சொன்னாள்.

"முன்னாடி இருந்த சிஸ்டர் அப்பாவைத் திருப்பும்போது, 'ஊர் பக்கம் பாக்கறீங்களா, கம்பெனி பக்கம் பாக்கறீங்களா'ன்னு கேப்பாங்க. இங்க ரெண்டு பக்கமும் கம்பெனிதான். அப்பா சிரிச்சிடுவாரு."

என் கை நின்றுவிட்டது. அப்படிக் கேட்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும்.

வாலாஜாபாத்தில் ஒரு துணிக்கடை மாடியில்தான் எங்கள் நர்சிங் உதவியாளர் வகுப்பு. ஒரு வருஷம் படித்தால் சான்றிதழ். வெள்ளைக் கோட்டு மாட்டினால் பாதி டாக்டர் என்று நினைத்துச் சேர்ந்தவள் நான். முதல் வாரமே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன். தண்ணீர் தெளித்து எழுப்பியவள் மண்ணூர் கஸ்தூரி. கல்யாணமாகிச் சிலர் நின்றுவிட்டார்கள். கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுச் சிலர் போனார்கள். யார் முடிக்காவிட்டாலும் கஸ்தூரி முடிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

பரீட்சை நெருங்கும்போது அவள் அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. அம்மா இல்லாத வீடு; ஒரு ஜன்னலில் ஊர், எதிர் ஜன்னலில் கம்பெனிச் சுவர். பார்க்கப் போனபோது அவரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "யப்பா, ஊர் பக்கம் பாக்கறியா, கம்பெனி பக்கம் பாக்கறியா?" அவர் ஊர்ப் பக்கம் கண்ணை அசைத்தார்.

"பரீட்சைக்கு மட்டும் வந்துடுடி. அன்னிக்கு நான் இங்க இருந்து பாத்துக்கறேன்" என்றேன்.

"நீயும்தான எழுதணும், லூசு" என்று சிரித்தாள். "எனக்கு பிராக்டிகல் வூட்லயே நடக்குது. நீ போ."

பாஸானதும் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. அப்பா தவறிப்போய்விட்டார், அவளை யாரோ உறவுக்காரர்கள் அழைத்துப் போனார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தில். அவள் போன் நம்பரும் உபயோகத்தில் இல்லை.

பெரியவரின் மகளிடம் பேர் கேட்டேன். "சிஸ்டர்னுதான் கூப்பிட்டோம். திடீர்னு ஒருநாள் வரல." எங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். "சர்டிபிகேட் இல்லாதவங்க பேரெல்லாம் நாங்க எழுதி வெக்கறதில்லம்மா" என்றார் அங்கிருந்தவர்.

லீவு நாளில் மண்ணூருக்கே போய்ப் பார்த்தேன். அவள் தெரு இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. வடக்கத்தி காவலாளிக்கு நான் கேட்டது புரியவில்லை.

மறுநாள் பெரியவர் குழறிக் குழறி என்னிடம் கேட்டார். "அந்த சிஸ்டர்... வரலியா?"

"நாளைக்கு வருவாங்க ஐயா" என்றேன். தினமும் கேட்பார். தினமும் அதையே சொல்வேன். சொல்லும்போது, நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, நானும் வாசல் பக்கம் ஒருதரம் பார்ப்பேன்.

இந்த வாரம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.