கழுதைமுள்ளி கட்டிய கால்

செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் போதும், எங்கள் செம்மண்டலம் தெருவில் யாராவது ஒருத்தர் உடனே முட்டிவலிக்கு மருந்து கேட்பார். நான் மருந்து கொடுப்பவள் இல்லை, எந்த இலை எந்தக் கிருமியைக் கொல்கிறது என்று பார்ப்பவள் என்று விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். தினமும் காலையில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ். அங்கே ஒரு தாவரவியல் துறையின் பின்பக்கம் எங்கள் லேப். சனிக்கிழமைகளில் பிச்சாவரத்துப் பக்கம் மீனவர் குடியிருப்புகளுக்குப் போய், யார் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதுவேன்.

கையில் ஒரு படிவம் இருக்கும். உள்ளூர்ப் பெயர், பயன்படும் பாகம், தயாரிக்கும் முறை, குணமாகும் நோய் என்று நான்கு கட்டங்கள். கேட்டு எழுதிக்கொண்டு, இலையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரிசல்ட் வந்தால் சொல்லும்மா என்பார்கள். நானும் பெரிதாகத் தலையாட்டுவேன். ஒருத்தருக்கும் போய்ச் சொன்னதில்லை. எங்கள் பிழைப்பில் இருக்கும் கெட்ட பழக்கம் இது. வாங்கிக்கொண்டு போவோம், திரும்பிப் பார்க்க மாட்டோம்.

கழுதைமுள்ளியை எனக்குக் காட்டியவர் உப்பங்கழியில் இறங்கி இறால் பிடிக்கும் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், அக்கா என்றே கூப்பிட்டேன். சேற்றோரமாக ஊதாப் பூவும் முள்ளுமாக நிற்கிற செடி அது. சிப்பி கிழித்தாலும் மீன் முள் குத்தினாலும் அங்கே இந்த இலையைத்தான் மஞ்சளோடு அரைத்துக் கட்டுவார்கள். அக்கா முள்ளைச் சட்டை செய்யாமல் வெறுங்கையால் ஒடித்துக் கொடுத்தார். ரிசல்ட்டைச் சொல்லச் சொல்லி அவரும் கேட்டார், மூன்று தடவை. எல்லாரையும் போல என்றுதான் நினைத்தேன்.

நாலைந்து மாதம் கழித்து அவரே லேப் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து, என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கைடு என்னை வறுத்தெடுத்திருந்தார். அந்தக் கடுப்பில், என்ன விஷயம் என்று சிடுசிடுத்தேன். பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊரான கிள்ளையில் பஸ் ஏறி, இரண்டு இடத்தில் வழி கேட்டு, ரிசல்ட்டுக்காகவே வந்திருக்கிறார். சீ என்றாகிவிட்டது எனக்கு.

உள்ளே கூப்பிட்டு போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி பாலாடை மாதிரி படர்ந்திருக்கும். நடுவில் கழுதைமுள்ளிச் சாறு தோய்த்த சின்னக் காகிதத் துண்டு. அதைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாமல் ஒரு வளையம். புண்ணில் சீழ் வைக்கிற கிருமி இது, உங்கள் இலை கொன்றுவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா அந்த வளையத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ இலை மேல தப்பு இல்ல."

பிறகுதான் சொன்னார். நான் இலை வாங்கப் போனதற்குச் சில மாதம் முன்னால், வீட்டுக்காரர் தண்ணீரில் சிப்பியை மிதித்துவிட்டார். சுகர் ஜாஸ்தி உள்ள மனுஷன். அக்காதான் இலையை அரைத்துக் கட்டினார். ஒரு ஆறு நாள் கட்டியிருப்பார். விரல் கறுத்தது. திருப்பூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். உன் இலைதான் அப்பா காலைத் தின்றது என்று சொன்ன மகன், அதற்குப் பிறகு சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றார். குடியிருப்பில் இன்னமும் இலை கேட்டு இவரிடம்தான் வருகிறார்கள். கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தவிக்கிறார்.

இலை நல்லதுதான், போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தத் தட்டில் இருந்தது கிருமி மட்டும்தான். ரத்தம் சரியாக ஓடாத ஒரு மனுஷக் கால் அதில் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன்.

"இலை கெடுதல் பண்ணலக்கா. ஆனா சுகர் காலுக்கு அது போதாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்."

"போயிருந்தா கால் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல எனக்குத் தெரியலக்கா."

அவர் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். இலை கொடுத்த அன்றைக்கு நான் எழுதிய தாளை எடுக்கச் சொன்னார் அக்கா. எடுத்து வாசித்தேன். குணமாகும் நோய்: வெட்டுக்காயம், சீழ்ப்புண்.

"அவுரு காலையும் இதுல எழுதும்மா."

குணமாகாததற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. இத்தனை வருஷத்தில் எனக்கு அது உறைத்ததே இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு ஆறு நாள் கட்டியும் புண் ஆறவில்லை, கால் எடுக்க வேண்டியதாயிற்று, சர்க்கரை உள்ளவர்கள் இலையை நம்பி ஒரு நாள்கூட வீட்டில் இருக்கக் கூடாது. அதையே பெரிய எழுத்தில் தனக்கும் ஒன்று கேட்டார். இலை கேட்டு வருகிறவர்கள் முதலில் பார்க்கிற மாதிரி வாசல் கதவில் ஒட்டப்போகிறாராம். எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆறு இல்லம்மா, பதினெட்டு நாளு. எம்புள்ளைக்குத் தெரியாது, அவுரும் சொல்லல. ரெண்டு தாள்லயும் பதினெட்டுன்னே போடு."

"கதவுல ஒட்டுனா உங்க பையன் படிப்பாரேக்கா?"

"படிக்கட்டும்."