லிங்கநகரில் நித்திரை தேடிய இரண்டு மாலைகள்

வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குக் கிட்டத்தட்டத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். நித்திரை கொள்வதற்காக அவ்வளவு தூரம் வந்தவன் நானாகத்தான் இருப்பேன். நான் லொறிச் சாரதி. சில மாதங்களாக ஸ்டியறிங்கிலேயே கண் சொருகுகிறது. "பொழுதுபட்டால் வெளிச்சத்தைக் குறையுங்கோ, அதுதான் உங்கட நித்திரையைக் குழப்புது. சரியாகும் வரைக்கும் லொறியைத் தொடாதேங்கோ" என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீடோ இரவிரவாக வெளிச்சம் எரியும் கடைத்தெருவில். ஆகவே திருகோணமலை லிங்கநகரில் தனியாக இருக்கும் தன் அக்காவிடம் என்னை அனுப்பினாள் மனைவி.

பிற்பகல் மூன்று மணிக்கு பஸ்ஸால் இறங்கினேன். ஓட்டோவுக்கு நானூறு ரூபாய்.

"எத்தின நாள் நிப்பீங்கள்?" என்று கேட்டார் ஓட்டோக்காரர்.

"நித்திரை வரும் வரைக்கும்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஆறு மணிக்குத் தொடங்கியது வினை. விறாந்தை, குசினி, ஆளில்லாத அறை, கிணற்றடி என்று அத்தனை விளக்கையும் போட்டார் அக்கா. எல்லாம் கண்ணைக் குத்தும் வெள்ளை எல்ஈடி. நான் வருகிறேன் என்று என் அறைக்குப் புது பல்ப் வேறு. டொக்டர் சொன்னதை விளக்கினேன். "ஓம் தம்பி, விளங்குது" என்றார். ஒன்றையும் அணைக்கவில்லை. என் அறை விளக்கை நான் அணைத்தும் விறாந்தை வெளிச்சம் உள்ளே அடித்தது. விடிய எழும்பியபோது எனக்குத் தலையிடியும் எரிச்சலும்தான் மிச்சம்.

மறுநாள் மாலை அவர் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து மெயின் சுவிச்சையே இறக்கிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அயலவர்கள் மூன்று பேர் கைபேசி வெளிச்சத்தை நேரே என் கண்ணுக்குள் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"அக்காவுக்கு என்ன? வீடு இருட்டாக் கிடக்கு, பயந்து ஓடி வந்தனாங்கள்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

"ஒண்டுமில்லை. நித்திரை கொள்ளப் பார்த்தனான்" என்றேன் கடுப்போடு.

சுவரைத் தடவிக்கொண்டு வந்த அக்கா என் கையைப் பிடித்தார்.

"சண்டை நடந்த அந்த நாளில லைற் போடப் பயந்து இருட்டுக்குள்ளதான் கிடந்தனாங்கள் தம்பி. என்ர மனுசனையும் இருட்டுக்குள்ளதான் கொண்டு போனவை. ஆரெண்டு முகம் பார்க்க ஏலாமப் போச்சு. வெளிச்சம் இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

அவருடைய கணவர் காணாமல் போனது எனக்குத் தெரியும். இது தெரியாது. வெட்கமாக இருந்தது. சுவிச்சை ஏற்றினேன்.

காலையில் வவுனியா பஸ் ஏறினேன். தலையிடி விடவில்லை, லொறியும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எங்கள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வாங்கிப் போட வேண்டும், இதை முதலே செய்திருக்கலாம். அக்கா வெளிச்சத்துக்குள்ளேயே நித்திரை கொள்ளட்டும், டொக்டர் என்ன சொன்னாலும்.