வாசலைப் பார்த்துப் பறந்த ஏழு குருவிகள்

திருத்தங்கலில் வந்து பலவேசம் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘டை’ பலவேசம் என்று கேளுங்கள், டீ ஆற்றிக்கொண்டிருக்கிற ஆள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து வழி காட்டுவார். பட்டாசு டப்பாவோ காலண்டர் அட்டையோ, அச்சடித்ததை வடிவமாக வெட்டியெடுக்க ஒரு டை வேண்டும். பலகையில் கோடு கிழித்து, அந்தக் கோட்டின் மேல் எஃகுப் பிளேடை வளைத்துப் பதிக்க வேண்டும். அந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. குணத்தில்தான் மனுஷன் கொஞ்சம் முறுக்கு. பிளேடு வளைகிற அளவுக்கு அவர் வளைந்ததில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிளேடு அட்டையின் முதுகுப் பக்கமாக இறங்குவதால், படத்தை இடவலமாகப் புரட்டித்தான் பலகையில் பதிக்க வேண்டும். முப்பது வருஷம் செய்து செய்து, எந்தப் படத்தைக் கண்டாலும் அவர் கை தானாகப் புரட்டிவிடும். வலது பக்கம் பார்க்கிற மயிலைக் கொடுத்தால் இடது பக்கம் பார்க்கிற மயில் வரும். டைக்கு அதுதான் சரி.

மகள் கீர்த்திகா கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது செல்போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பித்தளைச் சூரியன். நடுவில் வட்டக் கண்ணாடி, சுற்றிலும் நெட்டையும் குட்டையுமாகக் கம்பிகள்.

“இத வளைக்க முடியுமாப்பா?”

“என்னது இது, வாணம் வெடிச்சு நிக்கிற மாதிரி இருக்கு. இத எவன் வீட்டுக்குள்ள மாட்டுவான்?”

“மாட்டுறாகப்பா. பழைய மோஸ்தரு இப்பத் திரும்ப வந்திருக்கு. நீங்க செஞ்சு மட்டும் குடுங்க.”

செய்து கொடுத்தார். அவள் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டாள். கொச்சியிலிருந்து ஒருத்தர் கேட்டார், பெங்களூரிலிருந்து மூன்று பேர் கேட்டார்கள். அப்புறம் டை வேலை காலையில், பித்தளை வேலை மத்தியானத்துக்கு மேல் என்று ஆனது. மீன் கூட்டம், நீள இலைகள், குருவிகள். படம் போடுவது மகள், வளைத்துப் பற்றவைப்பது அப்பா. அவர் கை புரட்டிவிடும் என்று தெரியுமல்லவா, அவள் கம்ப்யூட்டரிலேயே படத்தை முன்கூட்டிப் புரட்டிக் கொடுத்துவிடுவாள். இவர் கை அதை மறுபடி புரட்டும். சாமான் சரியாக வந்து நிற்கும். இதை அவர்கள் ஒரு நாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. அந்த இரண்டு வருஷம் ஷெட்டில் சிரிப்புச் சத்தம்தான். அம்மா பாண்டிலட்சுமி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, “அப்பனும் மகளும் சோறு தண்ணி வேண்டாம்னு இருக்கீகளா?” என்று வைவாள்.

பார்சல் எடுக்க கூரியர் வேனில் வந்த பையன் காலேப். விருதுநகர்க்காரன், கிறிஸ்தவன், தங்கமான பையன், அவன் அம்மா எஸ்தர் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனைத்தான் கட்டுவேன் என்று கீர்த்திகா சொன்னாள். வேதக்காரப் பையனா என்று பலவேசம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். பிறகு கேட்கவுமில்லை, பேசவுமில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. பாண்டிலட்சுமியையும் போகவிடவில்லை. அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தின சீமை மோஸ்தரை வளைக்கத் தெரிந்த ஆளுக்குப் பெற்ற மகளிடம் வளைந்து கொடுக்கத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் பாண்டிலட்சுமி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். சாகும்போது மகள் பெயரைத்தான் சொன்னாள். விருதுநகருக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள். “போட்டா நான் பொணத்தத் தூக்க மாட்டேன்” என்றார் பலவேசம். யாரோ சொல்லி, கீர்த்திகா ஓடிவந்தபோது சுடுகாட்டில் எல்லாம் முடித்துத் திரும்பியிருந்தார்கள். அவள் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றாள். இவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். இதை எழுதும்போது எனக்கே அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்கலாம் போலிருக்கிறது.

மகள் இல்லாத ஷெட்டில் பித்தளை வேலை நின்றுவிடவில்லை. விருதுநகரில் வீட்டு அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கும் மகேஷ்குமார் ஆர்டர் கொண்டுவந்தான். முதல் மூன்று சாமான் இடவலம் மாறித் திரும்பி வந்துவிட்டது. புரட்டிக் கொடுக்க ஆள் ஏது? பலவேசம் மறுபக்கம் தெரிகிற பட்டர் பேப்பரில் படத்தை நகலெடுத்து, பேப்பரைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்து வளைக்கப் பழகிக்கொண்டார். மூன்று வருஷத்தில் அதுவும் கைப்பழக்கமாகிவிட்டது.

போன வருஷம் ஆடியில் மகேஷ்குமார் ஒரு படம் கொண்டுவந்தான். ஏழு குருவிகள், ஆறு பெரிசு, கடைசியில் ஒரு குஞ்சு. பார்த்ததும் பலவேசத்துக்குக் கை நின்றுவிட்டது. எந்தக் கோட்டிலும் இரண்டு தரம் மடக்க வேண்டிய மூலை இல்லை. ஒவ்வொரு சிறகும் ஒரே வளைப்பில் முடிந்தது. டை வளைக்கிறவன் கஷ்டம் தெரிந்தவள்தான் அப்படிப் போடுவாள்.

“யாரு ஆர்டருலே இது?”

“விருதுநகர்ப் பார்ட்டி அண்ணாச்சி. நீங்கதான் செய்யணும்னு சொல்லிட்டாக.”

பலவேசம் குஞ்சுக் குருவியின் மேல் விரலை வைத்தார். “அந்தப் பார்ட்டிக்கு எத்தன மாசம்?”

மகேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். “ஆறு” என்றான்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ பெற்றவர்கள் போய் வளையல் போட்டு அழைத்துவர வேண்டும். அம்மா இல்லை. அழைக்க வேண்டியவர் இவர் ஒருத்தர்தான். மகள் வாய்விட்டுக் கேட்கவில்லை, படம் போட்டுக் கேட்டுவிட்டாள். அன்றைக்குப் பலவேசம் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அப்புறம் பாருங்கள் அவர் வேலையை. ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். பட்டர் பேப்பரில் படத்தை எடுத்தார், திருப்பிப் போட்டார், வளைத்தார். பற்றவைத்த இடம் தடவினால் தெரியாது. குஞ்சுக் குருவிக்கு மட்டும் மூன்று தடவை மெருகு போட்டார். பாண்டிலட்சுமியின் அறைக்கு வெள்ளையடித்தார், புதுக் கட்டில் வாங்கிப் போட்டார். பார்சலில் ஒரு வரி எழுதி வைக்கச் சொன்னான் மகேஷ்குமார்.

“எதுக்கு? அவளுக்குப் புரியும்” என்றார்.

சாமான் போய்ச் சேர்ந்தது. பலவேசம் காத்திருந்தார். இவர் போய் அழைக்க வேண்டியதுதானே? அங்கேதான் பழைய முறுக்கு. ‘சொல்ல வேண்டியதச் செஞ்சு அனுப்பிட்டேன், இனி அவ ஒரு போன் போடட்டும், ஓடிப் போயிர்றேன்’ என்று உட்கார்ந்திருந்தார். ஏழாம் மாசம் போனது. எட்டும் போனது. ஒன்பது பிறந்த பிறகு மனசு கேட்கவில்லை. பச்சை வளையல் நாலு டஜன், பூ, பழம், ஒரு பட்டுச் சேலை எல்லாம் பையில் வைத்துக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தது எஸ்தர். பையைப் பார்த்தாள்.

“உள்ள வாங்க அண்ணாச்சி. அந்தப் பைய மட்டும் இங்கன குடுத்துருங்க. அவ பாக்க வேண்டாம்.”

“ஏன், என்னாச்சு?”

“எட்டாம் மாசத் தொடக்கத்துலயே வலி வந்துருச்சு. பொம்பளப் பிள்ள. ரெண்டு நாள்தான் இருந்துச்சு. உங்களுக்குச் சொல்லிவிடுறேன்னேன். வேண்டாம்னுட்டா.”

பலவேசம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்த சுவரில்தான் குருவிகள் இருந்தன. வாசல் கதவு இடது பக்கம். ஏழு குருவிகளும் வாசலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தன. குஞ்சும் சேர்த்து, வீட்டை விட்டு வெளியே.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பழையபடி புரட்டித்தான் அனுப்பியிருக்கிறாள். வாசல் வழியாக உள்ளே வருகிற குருவிகளைத்தான் அவள் கேட்டது.

எஸ்தர் பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கீர்த்திகா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“வாங்கப்பா” என்றாள். எழுந்திருக்கவில்லை.

“தாயி, நீ பொரட்டியா அனுப்புன?”

“எப்பவும் போலத்தான் அனுப்புனேன். உங்க கைக்குத் தோதா.”

“நீ போன பெறகு நானே பொரட்டப் பழகிட்டேன் தாயி. உன் படம்னு தெரிஞ்சும் அந்தப் பழக்கத்துல செஞ்சுட்டேன். கைத்தப்பு. சத்தியமா மனசுல வேற ஒண்ணும் இல்ல. உனக்காக ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்.”

அவள் அவரையே பார்த்தாள். நம்பினாள் என்று அவருக்குத் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

“நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்பா. வராத, அப்படியே போயிருன்னு சொல்லி அனுப்பிருக்கீகன்னு. மாட்டி வச்ச அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன். இவுக கழட்டிருவோம்னாக. இருக்கட்டும், அப்பா செஞ்சதுன்னேன்.”

பலவேசம் தரையில் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். கீர்த்திகா காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் அழுது ஓய்கிற வரைக்கும் இருந்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

“அம்மா செத்ததச் சொல்லி விடாம இருந்தீகளே. அதுவும் கைத்தப்பாப்பா?”

ஆமென்று சொல்லியிருக்கலாம். துக்கத்தில் புத்தி பேதலித்துக் கிடந்தேன் என்று சொல்லியிருக்கலாம், அவள் அதையும் நம்பியிருப்பாள். பலவேசத்தால் முடியவில்லை.

“இல்ல தாயி” என்றார். “அது தெரிஞ்சே செஞ்சது.”

கீர்த்திகா தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைங்க” என்றாள். அப்புறம் அவரைப் பார்த்து, ஊரிலிருந்து வந்த யாரோ ஒருத்தரிடம் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள். “சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. திருத்தங்கல் பஸ்ஸு மூணரைக்கு இருக்கு.”