லொரேனா கழற்றிய மோதிரம்

டூசான் நகரில் தபால் பட்டுவாடா செய்யும் லொரேனா கிஹூயிஸ், விடுமுறை நாளிலும் நடக்காமல் இருப்பவரல்லர். அந்த வசந்தகால ஞாயிறன்று கணவர் எம்மெட்டுடன் மலையேறிக்கொண்டிருந்தார். ரோடியோ எனும் மாடுபிடி விளையாட்டு மைதானத்தில் கயிறு வீசிக் கன்றுகளைக் கட்டுவதில் எம்மெட் பேர்போனவர். அவர் பார்க்காமலேயே ஒரு பாறை விளிம்பைப் பற்ற, அங்கே கிடந்த கிலுகிலுப்பைப் பாம்பு இடக்கையைக் கொத்திவிட்டது.

இருவரும் பதறி விலகினர். எம்மெட் கழுத்துத் துணியை அவிழ்த்து, பல்லால் கடித்து இழுத்து, முழங்கைக்குக் கீழே இறுக்கத் தொடங்கினார்.

"அவுத்துடு அதை! இறுக்கிக் கட்ட இது என்ன உன் கன்னுக்குட்டியா? கையே போயிடும்!"

"அப்போ கத்தியக் குடு. கீறி உறிஞ்சிடறேன்."

"ஒண்ணும் கீற வேணாம், உக்காரு ராசா. முதல்ல மோதிரத்தைக் கழட்டு."

"ஒருநாளும் கழட்ட மாட்டேன்னு கல்யாணத்துல சத்தியம் பண்ணிருக்கேன்!"

"சத்தியம் வாங்குனவளே சொல்றேன், நீட்டு கையை!"

விரல் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. வெயிலுக்குப் பூசும் களிம்பைத் தடவித் திருகினார் லொரேனா. மோதிரம் வழுக்கி வந்ததும் மகிழ்ச்சியில் கூவியே விட்டார். கையை நெஞ்சளவில் அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அவசர உதவியை அழைத்தார். ஹெலிகாப்டர் வந்தது.

மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. விரல் வாழைப்பழமாய்ப் பருத்திருந்தது.

"மோதிரம் இருந்திருந்தா விரலையே இழந்திருப்பீங்க," என்றார் மருத்துவர்.

"சரி, அதைத் திருப்பிக் குடு," என்றார் எம்மெட், மனைவியிடம்.

லொரேனா தன் கட்டைவிரலில் மாட்டியிருந்த மோதிரத்தைச் சுழற்றிக் காட்டினார். "பார்க்காம பாறையில கை வைக்க மாட்டேன்னு புதுசா ஒரு சத்தியம் பண்ணு. தர்றேன்."